பெற்றோரின் ஓய்வூதியத்தில் முன்னாள் துணைவர் உரிமை கோரினால்: மலையகக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்ற தந்தையோ தாயோ இறந்த பின்னர், எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து சென்ற முதல் மனைவியோ கணவரோ பிரதேச செயலகத்துக்கு வந்து தமக்கும் அந்தப் பணத்தில் உரிமை உண்டு என்று கூறினால், பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். கோபம் முதலில் வருகிறது; பத்திரங்களைத் தேடும் யோசனை பிறகுதான் வருகிறது. இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தெளிந்துவிடும். கோரப்படும் பணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது முதற் கேள்வி. இறந்த நாளன்று அந்தத் திருமணம் சட்டப்படி நிலைத்திருந்ததா, முறிந்திருந்ததா என்பது இரண்டாவது. யார் கடைசி வரை நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள், யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் குடும்பத்துக்கு மிகப் பெரிய விடயங்கள்தாம். ஆனால் கோப்பைக் கையாளும் உத்தியோகத்தர் அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்ய மாட்டார்.

முதற்படி: எந்தப் பணம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

நம்மிடையே மாதாந்தம் வங்கிக்கு வருவதையும், தோட்டத்தில் இருந்து விலகும்போது மொத்தமாகக் கிடைப்பதையும் சேர்த்து 'பென்சன் காசு' என்றே பேசுவது வழக்கம். அலுவலகத்தில் இவை வேறு வேறு திணைக்களங்களின் பொறுப்பில் உள்ளன. உரித்தாளர் யார் என்ற விதியும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுகிறது.

ஆசிரியர், தபால் ஊழியர், புகையிரத ஊழியர், வைத்தியசாலை ஊழியர் போன்ற அரச சேவையாளருக்குக் கிடைப்பது உண்மையான ஓய்வூதியம். அவர் இறந்தவுடன் அவருடைய சொந்த ஓய்வூதியம் நின்றுவிடுகிறது. அதன் பின்னர் வருவது, அவர் சேவையில் இருந்தபோது சம்பளத்தில் கழிக்கப்பட்ட பங்களிப்பின் பேரில் வழங்கப்படும் விதவைகள், தபுதாரர்கள் (மனைவியை இழந்த கணவர்கள்), அநாதைகள் ஓய்வூதியம் ஆகும். ஆண் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கான திட்டம் 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது; பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் பிள்ளைகளுக்குமான திட்டம் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. எனவே ஆசிரியையாக இருந்த தாய் இறந்தால், தந்தையும் விண்ணப்பிக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஓய்வூதியம் சொத்தைப் போலப் பங்கு பிரிக்கப்படுவதில்லை. சட்டபூர்வ மனைவி அல்லது கணவருக்கும், 26 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத, தொழில் இல்லாத பிள்ளைகளுக்கும் உரிய கொடுப்பனவு இது. மாற்றுத்திறனாளியான பிள்ளை இருப்பின், அந்த வயதைக் கடந்த பின்னரும் விண்ணப்பிக்கத் தனி ஏற்பாடு உண்டு. கொழும்பில் வேலை செய்கின்ற, திருமணமாகிப் பிள்ளை குட்டியோடு வாழ்கின்ற நாற்பது வயது மகனுக்கு இதில் பங்கு கிடையாது. இதை அழுத்திக் கூறக் காரணம் உண்டு: தமக்கு எவ்விதத்திலும் வந்து சேராத ஒரு பணத்துக்காக, முன்னாள் மனைவி பெறக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு சட்டத்தரணிக்கும் பஸ்சுக்கும் செலவழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் தாய் உயிரோடு இருந்து அவருக்கு உரிமை உண்டு என்றாலோ, படிக்கின்ற தம்பி தங்கையர் இருந்தாலோ போராடுவதில் பொருள் இருக்கிறது. அவ்வாறில்லையெனில் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

தோட்டத் தொழிலாளருக்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்கு உள்ளது ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகிய மூன்றும். தோட்ட உத்தியோகத்தர்களிலும், தொழிலாளரில் ஒரு பகுதியினரிலும் சேமலாப நிதிக்குப் பதிலாகத் தோட்ட சேவையாளர் சேமலாபச் சங்கத்தில் அங்கத்துவம் பெற்றிருந்தவர்கள் உண்டு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், இறந்தவர் அதை முன்னரே எடுத்து முடித்திருக்கவும் கூடும். அவ்வாறாயின் அதில் உரிமை கோர எவருக்கும் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே தகராறு செய்வதற்கு முன்னர், மீதி இருக்கிறதா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதற்கு முன்னர், அரச பெருந்தோட்ட நிறுவனங்களின் கீழ் வேலை செய்தவருக்கு அந்தக் காலத்துக்கு வேறொரு அங்கத்துவ இலக்கம் இருந்திருக்கலாம்; பழைய இலக்கத்தின் கீழ் எடுக்கப்படாத தொகை கிடப்பதும் உண்டு.

இரண்டாம் படி: திருமணம் சட்டப்படி முறிந்ததா என்று பாருங்கள்

மலையகத்தில் தகராறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இலங்கையின் பொதுச் சட்டத்தின்படி திருமணத்தை முறிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம் பொருந்தாது; பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் கண்டியத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் விவாகரத்துப் பெறுவதைப் பார்த்து, நமக்கும் அது இயலும் என்று எண்ணுவதும் தவறு. முஸ்லிம் தனியார் சட்டத்தின் கீழ் மணம் செய்தவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் இந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோட்டத் தலைவரின் முன்னிலையில், பெரியவர்கள் கூடி, "இன்றிலிருந்து ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை" என்று கொப்பித் தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, கீழே இரண்டு சாட்சிகளின் பெயரும் போட்ட பத்திரம் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கிறது. சில வேளை அதில் முத்திரை கூட ஒட்டப்பட்டிருக்கும். ஓய்வூதிய உத்தியோகத்தரின் மேசையில் அந்தத் தாளுக்கு விவாகரத்து என்ற பெறுமதி இல்லை. பொலிஸ் நிலையத்தில் போடப்பட்ட முறைப்பாடும், அங்கே செய்துகொண்ட சமாதான இணக்கமும் அவ்வாறே. நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு நடந்து, மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்ததையே விவாகரத்துத் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருப்போரும் உண்டு. உண்மையில் மனைவி என்ற நிலையில் வழங்கப்படும் தாபரிப்பு, திருமணம் நிலைத்திருந்தது என்பதற்கே சான்றாக அமைகிறது. ஏழு ஆண்டுகள் பிரிந்திருந்தால் திருமணம் தானாகவே முறிந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் அது முறியாது.

இதனால் வரும் விளைவு கசப்பானது. உதாரணமாக, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்த ஒருவர், பதிவுத் திருமணம் செய்த முதல் மனைவியை இளவயதிலேயே பிரிந்து, விவாகரத்துப் பெறாமல், இன்னொருவரோடு கால் நூற்றாண்டு குடும்பம் நடத்தி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கும் பிள்ளைகளுக்கும் முதல் மனைவி 'முன்னாள்' மனைவி. சட்டத்துக்கு அவரே விதவை. முன்னைய திருமணம் நிலைத்திருக்கும்போது செய்யப்பட்ட இரண்டாவது திருமணம், பதிவு செய்யப்பட்டிருந்தாலும், திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லுபடியாகாது. கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் யார் என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இல்லை.

மறுபுறம், மாவட்ட நீதிமன்றம் விவாகரத்தை முழுமையாக வழங்கியிருந்தால், முன்னாள் துணைவர் விதவையோ தபுதாரரோ ஆக மாட்டார். விதவைகள், தபுதாரர்கள் ஓய்வூதியத்தில் அவருக்குத் தனிப்பட்ட உரிமை இல்லை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். விவாகரத்து வழக்கில் முதலில் வழங்கப்படுவது இடைக்காலத் தீர்ப்பாணை. ஆகக் குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது இறுதித் தீர்ப்பாணையாக்கப்படும். வழக்கில் 'வென்றுவிட்டோம்' என்று வீட்டுக்கு வந்து, இறுதித் தீர்ப்பாணையைப் பெறாமலேயே விட்டுவிட்டவர்களும், அந்த இடைவெளியில் இறந்துபோனவர்களும் உண்டு. அந்த நிலையில் திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆகவே தீர்ப்பாணையின் பிரதி கையில் கிடைத்தவுடன், அது இறுதியானதா என்பதையும் அதன் திகதி இறந்த திகதிக்கு முந்தியதா என்பதையும் முதலில் பாருங்கள். திருமணத்தை முறிக்காமல் தனித்து வாழ மட்டும் இடமளிக்கும் சட்டமுறைப் பிரிவுக்கான தீர்ப்பு மட்டும் இருந்தால் அதுவும் விவாகரத்து ஆகாது.

பதிவு செய்யப்படாத திருமணங்கள் இன்னொரு சிக்கல். மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, ஊர் அறிய வாழ்ந்து, பதிவாளரிடம் போகாதவர்கள் முந்திய தலைமுறையில் பலர். பதிவு என்பது திருமணத்துக்கு மிகச் சிறந்த சான்று; ஆனால் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் திருமணமே நடக்கவில்லை என்று கூற முடியாது. வழக்கமுறைச் சடங்குகளோடு நடந்த திருமணங்களை நமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இது உங்கள் தாய்க்கு உதவும் அதே வேளையில், எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் உதவக்கூடும். சான்றிதழ் இல்லாதபோது திணைக்களம் தானாக முடிவெடுக்காது. நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கேட்கும்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் துணைவர்களில் ஒருவர் இந்தியாவுக்குப் போய், மற்றவர் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களிலும் இந்த நிலை உண்டு. அங்கே போனவர் மறுமணம் செய்துகொண்டார் என்பதால் மட்டும் இங்கிருந்த திருமணம் முறிந்ததாகாது. அத்தகைய கோப்புகளைச் சட்டத்தரணி ஒருவரின் உதவியின்றி நகர்த்த முயல வேண்டாம்.

மூன்றாம் படி: முன்னாள் துணைவர் யாருக்காகக் கேட்கிறார்?

விவாகரத்து முழுமையாக நடந்திருந்தும் அவர் கோரிக்கை வைத்தால், உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். முதல் திருமணத்தில் பிறந்த, வயது குறைந்த பிள்ளை அவருடைய பராமரிப்பில் இருந்தால், அந்தப் பிள்ளை தன் தந்தையின் அல்லது தாயின் அநாதை ஓய்வூதியத்துக்குத் தகுதியுடையது. பாதுகாவலர் என்ற முறையில் அவர் விண்ணப்பத்தில் கையொப்பமிடுகிறார். விவாகரத்து கணவன் மனைவி உறவைத்தான் வெட்டுகிறது, பெற்றோர் பிள்ளை உறவை அல்ல. என்னைக் கேட்டால், இத்தகைய கோரிக்கைக்கு ஆட்சேபம் எழுதுவது வீண் வேலை. உங்கள் ஆட்சேபத்தால் இரு தரப்புப் பிள்ளைகளின் பணமும் தாமதமாகும்.

விவாகரத்துத் தீர்ப்பாணையை முழுவதுமாக வாசிப்பதும் இதற்காகவே. தீர்ப்பு வழங்கும்போது ஜீவனாம்சம் பற்றியோ சொத்துக்களை எழுதிக்கொடுப்பது பற்றியோ நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கலாம். இறந்தவர் செலுத்தாமல் விட்ட நிலுவை இருந்தால், அது அவருடைய மரணச் சொத்தின் மீது கோரப்படும் கடனாக எழக்கூடும். ஆனால் அது வேறு வழக்கு. விதவை ஓய்வூதியத்தில் பங்கு கேட்கும் உரிமையை அது தருவதில்லை.

சேமலாப நிதியிலும் நம்பிக்கை நிதியிலும் நிலைமை மாறுகிறது. இங்கே, தாம் இறந்தால் பணத்தைப் பெற வேண்டியவர் என்று அங்கத்தவரால் பெயர் குறிக்கப்பட்டவர் யார் என்பதே முதற் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமணமான மறு வருடம், மனைவியின் பெயரைக் கொடுத்துவிட்டு அதன் பின்னர் அந்தப் பக்கமே போகாதவர்கள் ஏராளம். விவாகரத்து ஆனதால் அந்தப் பெயர் தானாகவே அழிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தொழில் அலுவலகத்தில் இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள். பழைய பெயரே இருந்தால், பணம் வழங்கப்படுவதற்கு முன்னர் விவாகரத்துத் தீர்ப்பாணையோடு எழுத்தில் ஆட்சேபத்தைத் தெரிவித்து, சட்டத்தரணியின் ஆலோசனையையும் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பின்னர் மீட்பது மிகக் கடினம்.

பெயர் குறிக்கப்படவில்லையெனில் சட்டபூர்வ வாரிசுகள் பெறுவார்கள். மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைவருக்கும் மறு பாதி பிள்ளைகளுக்கும் சேர வேண்டும் என்பது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. விவாகரத்துப் பெற்றவர் 'உயிரோடிருக்கும் துணைவர்' அல்ல. விவாகரத்துப் பெறாமல் பிரிந்திருந்தவர் அந்தத் துணைவரேதான், பாதிக்கும் உரியவர். இதே சட்டத்தில் இன்னொரு கடுமையும் உண்டு: சட்டபூர்வமற்ற உறவில் பிறந்த பிள்ளைகள் தாயின் சொத்துக்கு வாரிசாவார்கள், தந்தையின் சொத்துக்கு ஆக மாட்டார்கள். இரண்டாவது குடும்பத்துப் பிள்ளைகள் பெயர்க்குறிப்பில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். சேவைக்காலப் பணத்தையும் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி இறந்தவரின் வாரிசுகளே பெற வேண்டும். அதற்குத் தோட்டத்து ஆபீசில்தான் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: பத்திரங்களைத் திரட்டுதல்

மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், ஓய்வூதிய இலக்கம், பங்களிப்புத் திட்டத்தில் பதிந்த இலக்கம், வங்கிப் புத்தகம், விவாகரத்து இருந்தால் இறுதித் தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி ஆகியவை வேண்டும். தீர்ப்பாணை தொலைந்திருந்தால், வழக்கு நடந்த மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறையில் வழக்கிலக்கத்தைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாதபோது இரு தரப்பினரின் பெயரும் வழக்கு நடந்த ஆண்டும் வேண்டும். அப்போது தோன்றிய சட்டத்தரணியின் அலுவலகத்தில் பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் 'கருப்பன்', அடையாள அட்டையில் 'கருப்பையா', திருமணச் சான்றிதழில் தகப்பன் பெயரோடு சேர்த்து 'பெருமாள் கருப்பையா', மகளின் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறி வேறொரு பெயர் என்று ஒரே மனிதர் நான்கு மனிதராக நிற்பது மலையகக் கோப்புகளில் அன்றாடக் காட்சி. எதிர்க் கோரிக்கை இல்லாத கோப்பில் இதற்குச் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் சான்றும் போதுமானதாக இருக்கலாம். எதிரே ஒருவர் நிற்கும்போது அந்த ஓர் எழுத்தே அவருடைய ஆயுதமாகிவிடும். எனவே பிறப்பு, திருமணப் பதிவுகளில் திருத்தம் செய்ய வேண்டுமா என்பதைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

ஐந்தாம் படி: அலுவலகத்தில் செய்ய வேண்டியது

மரணத்தை உடனே அறிவியுங்கள். இறந்தவர் ஓய்வூதியம் பெற்றுவந்த பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிலும் வங்கியிலும் எழுத்து மூலம் தெரிவிப்பது பிள்ளைகளின் கடமை. செலவுக்கு வேண்டும் என்று தந்தையின் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்தி, இறந்த பின்னர் வரவு வைக்கப்பட்ட மாதங்களின் பணத்தை எடுத்துவிட்டால், அதைத் திருப்பிச் செலுத்த நேரிடும்; அதோடு, தகராறு உள்ள கோப்பில் உங்கள் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்க எதிர்த்தரப்புக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். நுவரெலியா மாவட்டத்தில் புதிய பிரதேச செயலகப் பிரிவுகள் உருவாக்கப்பட்டிருப்பதால், கோப்பு இன்னும் பழைய செயலகத்திலேயே இருக்கிறதா என்று போகும் முன்னர் விசாரித்துக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் குறையும்.

விண்ணப்பத்தில் இறந்தவரின் முன்னைய திருமணத்தை மறைக்காதீர்கள். பங்களிப்புத் திட்டத்தில் பதியும்போது அவரே தன் முதல் மனைவியின் பெயரையும் திருமணத் திகதியையும் கொடுத்திருப்பார். நீங்கள் மறைத்தாலும் கோப்பு அதைக் காட்டும். முன்னைய திருமணம், விவாகரத்து, இரண்டாவது திருமணம் ஆகியவற்றைத் திகதி ஒழுங்கில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய பிரதியை இணைத்துக் கொடுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. அப்படியும் சிங்களத்தில் பதில் வந்தால், தமிழில் அனுப்புமாறு கேட்டு எழுதுங்கள். தெரிந்தவர் வாய்மொழியாகச் சொன்ன மொழிபெயர்ப்பை நம்பிக் கையொப்பம் இடாதீர்கள்.

கோப்பு நகராமல் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பத்திரம் குறைகிறது என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் தமது முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறு தரப்பினரின் தனிப்பட்ட பத்திரங்களைக் கேட்டால் மறுக்க இடமுண்டு. ஆகையால் கேள்வியை உங்கள் விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருவர் உரிமை கோரி இருவரிடமும் பத்திரங்கள் இருந்தால்

இந்த நிலையில் திணைக்களம் நீதிமன்றத்தின் வேலையைச் செய்யாது. சட்டபூர்வ துணைவர் யார் என்ற தீர்ப்பை மாவட்ட நீதிமன்றத்தில் பெற்று வருமாறு கூறிவிடும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்வார்கள்.

வழக்குக்குப் போகாமல் இரு குடும்பமும் உட்கார்ந்து பேசி, மாதாந்தப் பணத்தில் இவ்வளவு உங்களுக்கு, இவ்வளவு எங்களுக்கு என்று இணங்கிக்கொள்வதும் நடக்கிறது. மனிதர்களுக்கு இடையில் அது நல்ல காரியம். ஆயினும் திணைக்களம் தகுதியுள்ளவரின் கணக்குக்கே பணத்தை அனுப்பும். அவர் நாளை கொடுக்க மறுத்தால் பிரதேச செயலகத்தில் முறையிட இயலாது. இணக்கத்தை எழுத்தில் வைப்பதாக இருந்தால் சட்டத்தரணியிடம் செய்யுங்கள். எந்த இணக்கத்திலும், தகுதியில்லாத ஒருவரைத் தகுதியுள்ளவராகக் காட்டும் சத்தியக்கடதாசிக்கு மட்டும் உடன்படாதீர்கள். பொய்யான சத்தியக்கடதாசி குற்றமாகும்.

பெற்றோரில் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்து, முன்னைய திருமணம் ஒன்று அவருக்கு இருந்தால், சேமலாப நிதியில் யாருடைய பெயர் இருக்கிறது, இறுதித் தீர்ப்பாணை எங்கே இருக்கிறது, ஓய்வூதியக் கோப்பில் திருமண விபரம் எவ்வாறு உள்ளது என்பவற்றை அவரிடமே கேட்டு இப்போதே சரிசெய்துகொள்ளலாம். பெயரை மாற்றும் படிவத்தைத் தோட்டத்து ஆபீசிலோ தொழில் அலுவலகத்திலோ கொடுக்கும்போது, திகதி முத்திரை குத்திய ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டே திரும்புங்கள்.